லாரி வைத்த புள்ளி

தனுஷ்கோடி ஐந்து மணிக்கு எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தான். முகம் கழுவினான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, முதல் நாள் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கஞ்சியாகக் கொதிக்கவிட்டான். அகப்பையால் கிண்டினான். அகப்பைக் காம்பின் நுனி விரலளவுக்குக் கறுத்திருந்தது. மாசியிலிருந்தே அப்படித்தான். சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தான், சோப்புப் போட்டும் பார்த்தான். போகவில்லை. விட்டுவிட்டான். கஞ்சியை இறக்கி மூடிவிட்டு வாசலுக்கு வந்தான். குப்புறப் படுத்து, லாரிக்கு அடியில் இரவு வைத்த அட்டையை இழுத்தான்.

அட்டையில் எண்ணெய் வட்டமாகப் பரவியிருந்தது. நேற்று இட்டிலி அளவு இருந்தது. இன்று ஆப்பச்சட்டி அளவு.

தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுவரோரம் மற்ற அட்டைகளோடு சேர்த்து வைத்தான். பிறகு கஞ்சி குடித்தான்.

அவன் மனைவி பரிபூரணம் மாசியில் செத்துப்போனாள். இது புரட்டாசி. அன்று விடியுமுன் அவன் கொல்லத்துக்கு நூல் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அடுப்படியில் அவள் விழுந்து கிடந்ததைப் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் பார்த்தபோது வெயில்கூட ஏறவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். செங்கோட்டைக்கு அப்பால் ஆள் விட்டுத் தேடி அவனைக் கூட்டிவந்தார்கள். ராஜபாளையத்தில் யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வான். கேட்காதவர்களுக்கு இதுவும் கிடையாது.

லாரி அவன் அப்பா வீரணன் வாங்கியது. இரண்டு கை மாறி வந்த வண்டி. மகன் பி.காம். முடித்ததும் ஏதாவது மில்லில் கணக்கெழுதப் போவான் என்று அவர் நினைத்திருந்தார். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அதற்காகத் தெரு வைத்த பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது: பி.காம்.

மாசிக்குப் பிறகு லாரிக்கும் உடம்புக்கு முடியாமல் போனது. தென்காசி போய்த் திரும்புவதற்குள் என்ஜின் ஆயில் பாதி காணாமல் போகும். வீரணன் பொறுத்துப் பார்த்தார். ஆவணியில் முடிவு சொல்லிவிட்டார். புரட்டாசி மூன்றாம் சனிக்குள் ஒழுக்கு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திங்கட்கிழமை வண்டி மம்சாபுரம் தவசிமுத்துக்கு. தவசிமுத்து பழைய லாரிகளை வாங்கிக் கழற்றி, உறுப்பு உறுப்பாக விற்கிறவர். போன வாரமே வந்து, சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் போல ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டி, பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவலப்படாதிய, ஒரே நாள்ல பிரிச்சிருவேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

தனுஷ்கோடி மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த அட்டையைப் பார்க்கத்தான் அவன் தினமும் எழுந்துகொண்டிருந்தான். வண்டி போய்விட்டால் எதற்கு எழுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

அன்று வியாழக்கிழமை. கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது மெக்கானிக் ஹமீது சைக்கிளில் வந்து இறங்கினான். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பத்தாவதோடு ஹமீது பிரிந்து பட்டறைக்குப் போனான்.

"என்னலே பி.காம், இன்னைக்கு என்ன அளவு?"

"ஆப்பச்சட்டி."

"சாயங்காலத்துக்குள்ள குழிப்பணியாரம் ஆக்கிருவோம். கவலைய விடு."

"போன தடவையும் பணியாரம்னுதான் சொன்ன."

"போன தடவை மாவு சரியில்ல."

ஹமீது இந்த லாரியை மூன்று முறை கழற்றியிருக்கிறான். முதலில் கியர்பாக்ஸை இறக்கிப் பின்பக்க ஆயில் சீலை மாற்றினான். பிறகு என்ஜின் தலையில் இருக்கும் மூடியின் பேக்கிங். மூன்றாவது முறை மறுபடி பின்பக்கம். ஒவ்வொரு முறையும் நாலைந்து நாள் ஒழுக்கு குறைந்த மாதிரி இருக்கும். பிறகு வேறொரு இடத்தில் தலைகாட்டும்.

அவன் பைக்குள்ளிருந்து ஸ்பேனர்களை எடுத்துப் பரப்பிக்கொண்டிருக்கும்போதே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, இடுப்பில் பையோடு தெருவுக்குள் நுழைந்தாள் ஆவுடையம்மாள். பரிபூரணத்தின் அம்மா. கையில் மருமகனுக்குக் கொண்டுவந்த தூக்குச்சட்டி.

"ஹமீதுத் தம்பி, திரும்பவும் அவுக்கப் போறியாக்கும்?"

"வாங்கத்தை. வேற என்ன செய்ய?"

"நீ அவுக்கும்போதெல்லாம் ஒழுக்கு வீடு மாறிக் குடிபோகுது. அட்வான்ஸ் கிட்வான்ஸ் வாங்கியிருக்கியா?"

"அத்தை, இது லாரி இல்ல, செண்பகத்தோப்பு ஓடை. ஊத்து எங்கன இருக்குன்னு பாரஸ்டு ஆபீஸ்காரனுக்கே தெரியாது."

ஆவுடையம்மாள் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு புரட்டாசி மூன்றாம் சனிக்கும் அவள் தெருச் சனம் முழுக்க இந்த லாரியில் ஏறித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகும். மொட்டை போடுகிற பிள்ளைகள், பொங்கல் பானை, விறகு எல்லாம் ஒரே நடையில். இந்த வருடம் வேறு வண்டி பேசலாம் என்று தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாவுத் தீட்டுள்ள துட்டி வீட்டு வண்டியாயிற்றே என்று.

"நான் கேட்டுட்டேன்" என்றாள். "வருசம் திரும்புற வரைக்கும் நாங்கதான் மலை ஏறக் கூடாது. லாரிக்கு என்ன துட்டி? அது ஏறுனா பெருமாள் எறங்கி ஓடிருவாரா? ஒருத்தரும் வாயத் தொறக்கல. சனிக்கிழமை இதுலதான் போறாக."

"ஒழுக்கு நிக்கலைன்னா?" என்றான் தனுஷ்கோடி.

"நிக்கலைன்னா திங்கட்கிழமை இது மம்சாபுரத்துல துண்டு துண்டாக் கெடக்கும். ஒங்கப்பா எனக்கும் சொல்லி விட்டாரு." தூக்குச்சட்டியை வாசற்படியில் வைத்தாள். பிறகு, வரும்போதெல்லாம் கேட்பதைக் கேட்டாள். "போற அன்னிக்கு அவ ஒங்ககிட்ட என்ன சொன்னா மருமகனே?"

"ஒண்ணுமில்ல அத்தை. வழக்கம்போலத்தான்."

வரும்போதெல்லாம் சொல்கிற பதில்தான். பரிபூரணம் கடைசியாக என்ன சொன்னாள் என்பதற்கு உறவில் ஆளுக்கொரு கதை இருந்தது. கண் திறந்து, "அவுகளப் பாத்துக்கிடுங்க" என்றாளாம். பெருமாள் பேரை மூன்று முறை சொன்னாளாம். ஒரு பெரியம்மா கணக்கில் பால்கோவா கேட்டாள். சேதி கேட்டு ஓடிவந்து, உயிர் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாளுக்குத் தெரியும், விழுந்தவள் வாயே திறக்கவில்லை. அன்று காலை அவள் பேசியது புருசனிடம் மட்டும்தான். அவனோ ஒன்றுமில்லை என்கிறான்.

ஹமீது ஸ்பேனரைக் கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டான்.

"இன்னைக்கு ஒண்ணையும் அவுக்கப் போறதில்ல. மொதல்ல ஊத்தக் கண்டுபிடிப்போம். என்ஜினக் கழுவித் தொடச்சுட்டு, மேல பவுடரத் தூவி ஓட விடணும். வெள்ளையில ஈரம் எங்கன ஊறுதோ அதுதான் எடம். பவுடர் இருக்காலே? மூஞ்சிக்குப் போடுத பவுடர்."

"இல்ல."

"எம் மருமகன் மூஞ்சி கழுவுறதே பெரிசு" என்றாள் ஆவுடையம்மாள். "ஒன் வீட்டுல இல்லையாக்கும்?"

"இருக்கு. எதுக்குன்னு பொண்டாட்டி கேப்பா. லாரிக்குன்னு சொன்னா நம்பவா போறா?"

ஆவுடையம்மாள் வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் கோலமாவு டப்பா இருந்தது. மாசியிலிருந்து யாரும் தொடாதது. மூடியில் பரிபூரணத்தின் விரல் தடம் மாவாக ஒட்டிக்கிடந்தது.

"அது வேண்டாம் அத்தை" என்றான் தனுஷ்கோடி.

"ஏன்? வச்சிருந்தா மொளைக்கவா போகுது?"

"துட்டி வீட்டுல கோலம்…"

"வாசல்லதான் போடக் கூடாது. என்ஜின்ல போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

 பி.காமில் அதைச் சொல்லித் தரவில்லை.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து நண்பர்கள் இருவரும் என்ஜினைத் துடைத்தார்கள். ஏழு மாதத்துச் சேறும் எண்ணெயும் பாளம் பாளமாகக் கழன்று, அடியில் இரும்பின் நிறம் தெரிந்தது. காய்ந்ததும் ஆவுடையம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு பம்பரில் ஏறி நின்று மாவை எடுத்தாள். விரலும் பெருவிரலும் தானாகச் சேர்ந்தன.

"அத்தை, புள்ளி வைக்காதிய. தூவுங்க."

"கைப்பழக்கம்ல. சும்மா இருப்பா."

மேலே அவள் தூவினாள். அடியில் படுத்துக்கொண்டு தனுஷ்கோடி உள்ளங்கையில் மாவை வைத்து ஊதினான். பாதி இரும்பில் ஒட்டியது, பாதி அவன் முகத்தில். வெளியே வந்தவனைப் பார்த்து ஹமீது, "பவுடர் இல்லன்னான். இப்ப மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கான் பாருங்க" என்றான். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தான். தனுஷ்கோடி துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

ஒரு டீ குடிக்கிற நேரம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

தலை மூடியின் ஓரம் ஈரம். முன்பக்கக் கப்பிக்குப் பின்னால் ஈரம். ஆயில் அளக்கிற கம்பி நுழையும் துளையைச் சுற்றி ஈரம். பின்பக்கம் கேட்கவே வேண்டாம். மாவு கருத்து, சொதசொதவென்று வழிந்து கிடந்தது.

ஹமீது சைக்கிள் ஸ்டாண்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "நான் மாத்துனதும் ஒழுகுது, நான் தொடாததும் ஒழுகுது. எனக்கு மரியாதை குடுக்கணும்னாவது ஒண்ணு ஒழுகாம இருந்திருக்கலாம்."

தனுஷ்கோடி ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சீல் கெட்டா ஒரு எடத்துல ஒழுகணும்" என்றான்.

"ஆமா."

"நாலும் ஒண்ணாக் கெடுமா?"

ஹமீது நிமிர்ந்தான். "கெடாது. உள்ளேருந்து எதுவோ தள்ளுது."

மறுபடி என்ஜினைக் கிளப்பினார்கள். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் தனுஷ்கோடி திருகினான். மூடி கையோடு எகிறியது. உள்ளிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. எத்தனையோ நாள் அடக்கி வைத்திருந்த பெருமூச்சைப் போல. அடியில் குனிந்திருந்த ஹமீது கத்தினான்: "ஏலே, சொட்டுறது கொறையுது!"

"மூச்சு முட்டுது" என்றான் தனுஷ்கோடி.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை அவன் முன்பே ஒருமுறை சொல்லியிருப்பது நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், லாரியின் பக்கவாட்டில் மாட்டு வாலைப் போல ஒரு குழாய் தொங்குவதைப் பார்த்துப் பரிபூரணம், இது எதுக்கு என்று கேட்டாள். என்ஜினுக்குள் சேரும் காற்று வெளியே போகிற வழி. அது மூச்சு விடுகிற குழாய். இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும் என்று படித்தவன் தோரணையில் விளக்கினான். காற்றோடு இரண்டொரு சொட்டு எண்ணெயும் வரும், அது சகஜம் என்றான். அவள் குழாயையும் தரையையும் பார்த்துவிட்டு, "மூச்சு விடுதா, மூக்கு ஒழுகுதா?" என்றாள்.

அந்தச் சொட்டுக்காகத்தான் அவளுக்கும் லாரிக்கும் சண்டை. அவன் கிளம்புமுன் வண்டியைச் சற்று நேரம் நின்றபடி உறுமவிடுவான். அதற்குள் அவள் கோலத்தை முடித்திருப்பாள். மிகச் சரியாக அந்தக் குழாய், கோலத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புச் சொட்டு விடும். தினமும் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பாள். தினமும் சொட்டும்.

"ஹமீது, அந்த மூச்சுக் குழாயப் பாத்தியா?"

"எதுக்குப் பாக்க? மாசிக்கு முந்தி அதுல சொட்டும். பொறவு சொட்டவே இல்ல." ஹமீது சொல்லிக்கொண்டே போனவன் நிறுத்தினான். தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு ஒழுக்காவது தானா நின்னுச்சேன்னு சந்தோசப்பட்டேன்லே. அங்கதான் மண்ணக் கவ்விட்டேன்."

தனுஷ்கோடி அடியில் ஊர்ந்து, குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு கொசு மூச்சுகூடப் படவில்லை. நிறுத்தச் சொல்லி, விரலை உள்ளே விட்டான். இரண்டு கணு ஆழத்தில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

"சைக்கிள் கம்பி ஒண்ணு குடு."

கம்பி நுனியை வளைத்து மாட்டி இழுத்தான். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. சத்திரப்பட்டித் தறியில் ஆஸ்பத்திரிகளுக்காக நெய்கிற கட்டுத்துணி. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டு அடுப்படியிலும் அதன் துண்டு ஒன்று கிடக்கும். அதை உருட்டி, மேலே ஒரு சேலைக் கரையைச் சுற்றி, கெட்டியாக இடித்துத் திணித்திருந்தது. எல்லாம் தார் போலக் கறுத்திருந்தன. கரையைப் பிரித்தபோது நடு மடிப்பில் மட்டும் நிறம் மிச்சமிருந்தது. பச்சை. அதில் கடுகளவு அகலத்தில் மஞ்சள் கோடு.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் எடுத்துக் கொடுத்த சேலை அது. அடுப்பில் பட்டுக் கருகிப்போனது என்று சொல்லியிருந்தாள்.

"எவன்லே அது" என்று ஹமீது ஆரம்பித்தான். "வண்டி மூக்குல பஞ்சு வச்ச மாதிரி…"

நாக்கைக் கடித்துக்கொண்டான். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து, துடைக்க வேண்டிய தேவையில்லாமல் துடைத்தான். தனுஷ்கோடி துணியைக் கையில் வைத்துக்கொண்டு லாரிக்கு அடியிலேயே கிடந்தான்.

ஆவுடையம்மாள் குனிந்து அதை வாங்கினாள். கரையை விரலால் தடவினாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று ஹமீது எழுந்து பக்கத்தில் போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கப்பா கொறட்டை விடுவாரு. அஞ்சு வயசுல ராத்திரி எந்திரிச்சுப் போயி அவரு மூக்குல துணியச் சுருட்டித் திணிச்சவ இவ! மனுசன் அலறிப் பொடைச்சு எந்திரிக்காரு, இவ நிதானமா, 'இப்பச் சத்தம் நின்னுட்டுல்ல'ங்கா. அந்தக் கைதான் இது. வேற யாரு செய்வா?"

தனுஷ்கோடி வெளியே வந்தான். வீட்டுக்குள் போய் அகப்பையை எடுத்து வந்தான். துணி இருந்த ஆழம் வரைக்கும் காம்பைக் குழாய்க்குள் விட்டான். கறுத்த நுனி எவ்வளவு இருந்ததோ அவ்வளவு உள்ளே போயிற்று.

"அடியாத்தீ, அகப்பைய வச்சுல்ல இடிச்சிருக்கா!" என்றாள் ஆவுடையம்மாள். "அதுலயா இம்புட்டு நாளாக் கஞ்சி காய்ச்சுதிய?"

"கழுவிட்டேன் அத்தை."

"என்ஜின் எண்ணெக் கஞ்சியில்ல! அதான் மருமகனுக்கு ஒடம்பு வண்டி மாதிரி ஓடுது."

"அத்தை, ஒங்க மக ஒரு பி.காமையும் ஒரு மெக்கானிக்கையும் சேத்து ஏழு மாசம் லாரிக்கு அடியில படுக்கப் போட்டுட்டா" என்றான் ஹமீது. "எனக்கு வெளிய சொல்ல வெக்கமா இருக்கு."

"சொல்லாத. நான் சொல்லிக்கிடுதேன். எங்க தெரு முழுக்கச் சொல்லணும்."

என்ஜினை மறுபடி துடைத்து, மாவு தூவி, ஓடவிட்டார்கள். குழாய் புகையாக மூச்சு விட்டது. இந்த முறை இரண்டு டீ குடித்தார்கள். நிறுத்திவிட்டுப் பார்த்தபோது தலை மூடி வெள்ளையாக இருந்தது. கப்பிக்குப் பின்னால் வெள்ளை. பின்பக்கமும் வெள்ளை. நடந்ததைக் கேள்விப்பட்டு வீரணன் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் மாவுதான் ஒட்டியது. மகன் முகத்தைப் பார்த்தார். அதில் மாவும் கரியும் அப்பியிருந்தன.

"சனிக்கிழமை போகட்டும்" என்றார். "தவசிமுத்துவ வர வேண்டாம்னு நானே சொல்லி விட்டுருதேன்." நாலு எட்டுப் போனவர் திரும்பி, "எம் மருமகளுக்கு ஒழுக்கு நிறுத்தத் தெரிஞ்சிருக்கு. ஒங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹமீது சைக்கிளில் ஏறினான். போகும்போது குழாய்க்கு அடியில் கைகாட்டினான். தரையில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. "அது சீக்கு இல்லலே. அது சொகம். அதுக்கு அட்டை வைக்காத."

ஆவுடையம்மாளும் தனுஷ்கோடியும் வாசலில் நின்றார்கள். அவள் சேலைக் கரையைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து கொடியில் போட்டிருந்தாள். கறுப்பு போகவில்லை. பச்சை கொஞ்சம் தெரிந்தது. வரும்போதெல்லாம் கேட்பதை அவள் இப்போது மறுபடி கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"அன்னிக்கு அவ சொன்னது ஒரு பெரிய விசயமாத் தெரியல அத்தை. லாரியப் பத்தித்தான் சொன்னா. ஆளாளுக்கு என்னென்னமோ சொல்லும்போது, இதப் போயி எப்படிச் சொல்லன்னு விட்டுட்டேன்."

"சொல்லுங்க."

"நான் வண்டிய உறும விட்டுக்கிட்டு இருந்தேன். அவ கோலத்த முடிச்சுட்டு எந்திரிச்சா. கோலத்தப் பாத்தா, கொழாயப் பாத்தா. சொட்டல. கையிலிருந்த மாவத் தட்டிக்கிட்டே சிரிச்சா. என்னட்டின்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"எங்கோலத்துக்குப் புள்ளி வைக்க நான் இருக்கேன். ஒங்க வண்டிய அது சோலியப் பாக்கச் சொல்லுங்க."